ஒன்பதாம் மாதத்துக் காதுகள்

சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடிக்குப் போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மெத்தென்ற தரைவிரிப்பு. அதில் வட்டமாக ஏழெட்டு அம்மாக்கள், இரண்டு மூன்று அப்பாக்கள், ஒரு பாட்டி. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைக்குழந்தை. ஓர் ஆசிரியை ஆங்கிலத்தில் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார். இன்னொருவர் அதே மெட்டில் மாண்டரின் சீனத்தில் பாடுகிறார். கிலுகிலுப்பை வருகிறது, பட்டுத்துணி வருகிறது, சோப்புக் குமிழி பறக்கிறது. முக்கால் மணி நேரத்தில் விடைபெறும் பாட்டு. இது இருமொழி வகுப்பு. இன்றைக்கு மாதிரி வகுப்பு, அதாவது டிரையல் கிளாஸ். பிடித்திருந்தால் பணம் கட்டிப் பெயர் பதிந்துகொள்ளலாம்.

மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்பது மாதம். இன்னும் 'அம்மா' என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. குமிழி வெடித்தால் சிரிக்கிறது, ஆசிரியையின் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது, நடுவில் கிலுகிலுப்பையை வாயில் வைத்துக் கடிக்கிறது. இதன் மண்டைக்குள் மாண்டரின் ஏதாவது போகிறதா? போனால் தங்குமா? வீட்டில் பாட்டி தமிழ் பேசுகிறார், அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசுகிறார்கள், இல்லப் பணிப்பெண் தாலாட்டுவது இந்தோனேசிய மொழியில். இதற்கு மேலும் ஒரு மொழி என்றால் பிள்ளை குழம்பிப்போய்ப் பேச்சே தாமதமாகிவிடாதா?

வகுப்பை நடத்துகிறவர்களும் வகுப்புக்குப் போகாதவர்களும் இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளையே கேட்டுப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

டா, தா

நமக்கு 'டா' வேறு, 'தா' வேறு. 'பாட்டி', 'பாத்தி' என்று யாராவது மாற்றிச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இரண்டும் ஒரே ஒலி. நாக்கு மேலண்ணத்தைத் தொட வளைகிறதா, பல்லைத் தொடுகிறதா என்பது அவர் காதில் விழுவதே இல்லை.

கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கர் இந்த வேறுபாட்டையே எடுத்துக்கொண்டார். இந்தியிலும் நம்மைப் போலவே டா, தா இரண்டும் உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு அவர் அந்த இந்தி ஒலிகளைப் போட்டுக் காட்டினார். குழந்தை அம்மாவின் மடியில் இருக்கும். ஒலிபெருக்கி 'தா, தா, தா' என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே இருக்கும். திடீரென்று 'டா' என்று மாறும். மாறிய சில நொடிகளில் பக்கத்துப் பெட்டியில் விளக்கெரிந்து ஒரு பொம்மை விலங்கு ஆடும். சிலமுறை இப்படி நடந்ததும் குழந்தைக்கு விஷயம் பிடிபட்டுவிடும்: ஒலி மாறினால் பொம்மை வரும். அதன் பிறகு ஒலி மாறியதுமே, பொம்மை வருவதற்கு முன்பே, தலையைத் திருப்பும். தலை திரும்பினால் வேறுபாடு கேட்டிருக்கிறது என்று பொருள். அம்மா தன்னை அறியாமல் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவர் காதில் இசை ஓடும் ஒலிக்கவசத்தை மாட்டிவிடுவார்கள்.

ரிச்சர்ட் டீஸுடன் சேர்ந்து வெர்க்கர் 1984-இல் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் தலையைத் திருப்பினார்கள். பெரியவர்களுக்குக் கேட்காத ஒலி அவர்களுக்குக் கேட்டது. 8 முதல் 10 மாதத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தது. 10 முதல் 12 மாதத்தில் ஓரிருவரே மிஞ்சினர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ முதல் பிறந்தநாள் நெருங்கும்போதும் வேறுபாடு பளிச்சென்று கேட்டது.

பிறந்த குழந்தையின் காது உலக மொழிகள் பலவற்றின் ஒலிகளையும் பிரித்தறியும் நிலையில் இருக்கிறது. ஓராண்டுக்குள் சுற்றிலும் புழங்கும் ஒலிகளுக்குக் கூர்மையாகி, புழங்காத ஒலிகளுக்கு மந்தமாகிவிடுகிறது. இதைச் 'செவிக்குறுக்கம்' என்று அழைப்போம். பெயரைக் கேட்டு இழப்பு என்று வருந்த வேண்டியதில்லை. வேண்டாத வேறுபாடுகளைக் காது விட்டுவிடுவதால்தான் வேண்டிய வேறுபாடுகளை விரைவாகப் பிடிக்க முடிகிறது. நம் வீட்டுக் குழந்தை ல, ள, ழ மூன்றுக்கும் காதைத் தீட்டிக்கொள்வது இந்த மாதங்களில்தான்.

இருமொழி வகுப்புகளின் விளம்பரங்கள் பிடித்துக்கொள்வதும் இந்த இடத்தைத்தான். 'ஜன்னல் மூடுவதற்குள் வாருங்கள்' என்பது அவர்களுடைய அழைப்பு. அறிவியலின் முதல் பாதியை அவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். இரண்டாம் பாதிக்குப் போவதற்கு முன், வகுப்பு வாசலை மிதிக்கும்போது இந்தக் குழந்தை எதையெல்லாம் ஏற்கெனவே கொண்டுவருகிறது என்று பார்த்துவிடலாம்.

பிறக்கும்போதே இருமொழி

கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடைசி மூன்று மாதங்களில் அம்மாவின் குரல் கேட்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது. பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் கேட்கும். வான்கூவரில் ஆங்கிலமும் தகாலோக் மொழியும் பேசும் பிலிப்பினோ அம்மாக்கள் நிறையப் பேர் உண்டு. கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைன், வெர்க்கர் ஆகியோர் அடங்கிய குழு, பிறந்து ஐந்து நாள்களுக்குட்பட்ட குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் ஆங்கிலம், ஒரு நிமிடம் தகாலோக் என்று மாற்றி மாற்றிக் கேட்க வைத்தது. பிடித்ததைக் கேட்கும்போது குழந்தை வேகமாகச் சப்பும். கர்ப்ப காலத்தில் ஆங்கிலம் மட்டும் பேசிய அம்மாவின் குழந்தைகள் ஆங்கிலத்துக்கு வேகமாகச் சப்பின. இரண்டும் பேசிய அம்மாவின் குழந்தைகள் இரண்டுக்கும் ஒரே அளவு ஆர்வம் காட்டின.

இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியதால் அப்படியா? அதையும் சோதித்தார்கள். ஒரு மொழியைக் கேட்டு அலுத்துப்போன குழந்தைக்கு மற்ற மொழியைப் போட்டதும் சப்பும் வேகம் கூடியது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைக்கு இரண்டும் வெவ்வேறு என்று தெரிகிறது. 2010-இல் வெளியான இந்த ஆய்வை, 'ரெண்டு மொழி பேசினா பிள்ளைக்குக் குழப்பம் வரும்' என்று இன்னும் நம்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பன்னிரண்டு அமர்வுகள்

வகுப்பு என்ற ஒன்று கைக்குழந்தையின் காதை மாற்றுமா? இந்தக் கேள்வியை அப்படியே சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிஷியா கூல். 2003-இல் வெளியான அந்த ஆய்வைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. மாதிரி வகுப்புக்குப் போகும் எந்தப் பெற்றோருக்கும் இதைவிடப் பயனுள்ள ஒரு சோதனையை நான் காட்ட முடியாது.

கூல் எடுத்துக்கொண்ட குழந்தைகளுக்கு ஒன்பது மாதம். எல்லாரும் ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைகள். செவிக்குறுக்கம் நடந்துகொண்டிருக்கும் நேரம். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசிப் பிறந்து வளர்ந்தவர்கள் வந்து விளையாட்டுக் காட்டினார்கள். தரையில் விரிப்பு, பொம்மைகள், படப் புத்தகங்கள். ஒவ்வொரு அமர்வும் ஏறத்தாழ 25 நிமிடம். நான்கு வாரத்தில் 12 அமர்வுகள். முகங்களும் குரல்களும் மாறி மாறி வரட்டும் என்று ஆணும் பெண்ணுமாகப் பல பேர் மாறி மாறி அமர்ந்தார்கள். மொத்தக் கணக்கு ஐந்து மணி நேரம். அதற்குள் ஒரு குழந்தையின் காதில் சராசரியாகச் சுமார் 33,000 மாண்டரின் அசைகள் விழுந்திருந்தன. இன்னொரு பிரிவுக் குழந்தைகளும் இதேபோல் 12 அமர்வுகளுக்கு வந்தார்கள், இதேபோல் பொம்மையும் புத்தகமும் பார்த்தார்கள், ஆனால் கேட்டது ஆங்கிலம் மட்டும். இந்த இரண்டாம் பிரிவு இல்லாவிட்டால், ஆய்வகத்துக்கு வந்து பழகியதாலேயே குழந்தைகள் சோதனையில் தேறிவிட்டார்கள் என்று யாராவது சொல்லிவிடலாம்.

பிறகு சோதனை. மாண்டரினில் 'ச்சி' போல ஒலிப்பது ஒன்று, 'ஷி' போல ஒலிப்பது ஒன்று. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு அதே வடிவில் கிடையாது. தலை திருப்பும் அதே முறை, பொம்மை ஆடும் அதே பெட்டி. ஆங்கிலம் மட்டும் கேட்ட குழந்தைகளுக்கு வேறுபாடு சரியாகப் பிடிபடவில்லை. மாண்டரின் அமர்வுக்கு வந்த குழந்தைகள் தலையைத் திருப்பினார்கள். எந்த அளவுக்கு? பிறந்ததிலிருந்து மாண்டரின் கேட்டு வளரும் தைவான் குழந்தைகளின் அளவுக்கு. பத்து மாதமாக நாள் முழுக்கக் கேட்டவர்களும் ஐந்து மணி நேரம் கேட்டவர்களும் இந்த ஒரு வேறுபாட்டில் சரிசமமாக நின்றார்கள்.

விளம்பரம் எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். கூல் வைக்கவில்லை. இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே புத்தகங்களைப் படம்பிடித்துத் தொலைக்காட்சித் திரையில் காட்டினார். வேறொரு பிரிவுக்கு ஒலியை மட்டும் போட்டார். நேரமும் அதே அளவு, மொழியும் அதே மொழி. திரையைப் பார்த்த குழந்தைகள் அதைக் கண்கொட்டாமல்தான் பார்த்தார்கள். கற்றுக்கொண்டது? ஒன்றுமில்லை. மாண்டரினே கேட்காத பிரிவுக்கும் இந்த இரு பிரிவுகளுக்கும் சோதனையில் வேறுபாடு தெரியவில்லை.

ஒலி காதில் விழுந்தால் போதும், மூளை தானே வடித்தெடுத்துக்கொள்ளும் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். ஒலி விழுந்தது, மூளை வடித்தெடுக்கவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது.

திரையில் இருந்தவர் செய்ய முடியாதது

விரிப்பில் உட்கார்ந்திருந்தவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்தார். குழந்தை பந்தைப் பார்த்தால் பந்தைப் பற்றிப் பேசினார். குழந்தை 'ஆ' என்றால் நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்து, ஏதோ பதில் சொன்னார். திரையில் இருந்தவரால் இதைச் செய்ய இயலாது. குழந்தை தூங்கி வழிந்தாலும் அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார்.

நம் பாட்டிமார் குழந்தையுடன் நடத்தும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பது. இதைக் 'கூட்டுக் கவனம்' என்பார்கள். கூலின் குழு பிறகு ஸ்பானிஷ் மொழியில் இதே போன்ற அமர்வுகளை நடத்தியபோது, பேசுகிறவரின் கண்ணையும் அவர் காட்டும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்த குழந்தைகளின் மூளை ஸ்பானிஷ் ஒலிகளுக்கு அதிகத் துலக்கம் காட்டியது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர். பார்வையால் பின்தொடர்ந்த குழந்தைக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, பதில் உடனுக்குடன் வருவது. மைக்கேல் கோல்ட்ஸ்டீன், ஜெனிஃபர் ஷ்வேட் இருவரும் ஒன்பதரை மாதக் குழந்தைகளையும் அம்மாக்களையும் விளையாட விட்டு, ஒரு சாராரிடம் குழந்தை மழலையொலி எழுப்பிய உடனே பதில் பேசச் சொன்னார்கள். மறு சாரார் அதே அளவு பேசினார்கள், ஆனால் குழந்தையின் ஒலிக்குப் பொருந்தாத நேரத்தில். உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகளின் மழலை அந்த ஒரே அமர்வுக்குள் அம்மாவின் பேச்சின் அமைப்பை நோக்கி நகர்ந்தது. மற்றக் குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை. பேச்சின் அளவு ஒன்றுதான், பேசிய நேரம்தான் வேறு.

மாதிரி வகுப்பில் சுற்றிலும் வேறு குழந்தைகள் இருப்பார்கள். அது கவனத்தைக் கலைக்குமா? சாரா லைட்டில் என்ற ஆய்வாளர் கூலுடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளைத் தொடுதிரையில் மாண்டரின் பேசும் காட்சிகளைப் பார்க்க விட்டார்கள். குழந்தை கைவைத்தால்தான் காட்சி ஓடும். தனியாகப் பார்த்தவர்களைவிட, இன்னொரு குழந்தையோடு சேர்ந்து பார்த்தவர்களின் மூளை மாண்டரின் ஒலிகளைத் தெளிவாகப் பிரித்தது. பக்கத்தில் ஒரு தோழர் இருப்பதே கற்றலைத் தூண்டுகிறது. வகுப்புக்குச் சாதகமான சான்று இது. அதை மறைப்பது நியாயமல்ல.

வாரத்துக்கு எழுபது மணி நேரம்

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. நடுவில் 14 என்று வைத்தால் விழித்திருப்பது 10 மணி நேரம். வாரத்துக்கு 70 மணி நேரம், அதாவது 4,200 நிமிடம்.

வாரம் ஒருமுறை 45 நிமிட வகுப்பு. அதில் பாதி ஆங்கிலம், பாதி மாண்டரின் என்றால் மாண்டரினுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 நிமிடம். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் இது அரை விழுக்காடு. கூலின் குழந்தைகளுக்கு வாரத்துக்கு 75 நிமிடம் கிடைத்தது. அவர்கள் நான்கு வாரத்தில் கேட்ட ஐந்து மணி நேரத்தை எட்ட இந்த வகுப்புக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஒன்பது மாதத்தில் தொடங்கினால் குழந்தைக்கு ஓராண்டு முடிந்திருக்கும்.

இவ்வளவு செலவழித்துக் கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கூலின் குழந்தைகள் ஒரே ஒரு ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். அவர்கள் மாண்டரின் பேசவில்லை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துகொண்டதாக யாரும் காட்டவில்லை. காது திறந்திருப்பது ஒன்று, மொழி வருவது வேறொன்று.

வகுப்பின் மூலம் மொழியே வர வேண்டுமென்றால் எவ்வளவு தேவைப்படும்? ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் அரசுக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் நயா ஃபெர்யான் ராமிரெஸ், கூல் இருவரும் அதைச் செய்து பார்த்தார்கள். 7 மாதம் முதல் 33 மாதம் வரையுள்ள 280 குழந்தைகள். தினமும் ஒரு மணி நேரம், 18 வாரம், ஆங்கிலத்தில் விளையாட்டும் பேச்சும். நடத்தியவர்களுக்குக் குழந்தையின் ஒலிக்குப் பதில் சொல்லவும், நீட்டி முழக்கிக் கொஞ்சும் 'செல்லப் பேச்சில்' பேசவும் பயிற்சி தரப்பட்டிருந்தது. முடிவில் அக்குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 74 ஆங்கிலச் சொற்களும் தொடர்களும் பேசினார்கள். நிலையங்களின் வழக்கமான ஆங்கிலப் பாடத்தில் இருந்தவர்கள் பேசியது 13. வகுப்பால் மொழி வரும் என்பதற்கு 2017-இல் வெளிவந்த நல்ல சான்று இது.

அந்த 18 வாரத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 90 மணி நேரம். வாரம் 22 நிமிடத்தில் 90 மணி நேரத்தைச் சேர்க்க 240 வாரத்துக்கு மேல், அதாவது நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இதே கணக்கை வீட்டுப் பக்கம் திருப்புவோம். பாட்டி நாளுக்கு மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். குளிப்பாட்டும்போது பேசுகிறார், கஞ்சி ஊட்டும்போது காக்காய் காட்டுகிறார், அடுக்குமாடியின் கீழே பூனையைப் பார்த்து நாலு வார்த்தை பேசுகிறார். வாரத்துக்கு 21 மணி நேரம், 70-இல் 30 விழுக்காடு. அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சன் குழு, ஒரு மொழியை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கேட்ட பிள்ளைகள் அந்த மொழியில் பேச அவ்வளவாக முன்வருவதில்லை என்று கண்டது. இதை எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் சட்டமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் அரை விழுக்காடு எந்தப் பக்கம், முப்பது விழுக்காடு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 1960களிலிருந்து சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயம். தமிழ் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடம். இருந்தும் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2020-இல் 2.5 விழுக்காடு. மாண்டரின் வகுப்புக்குப் பணம் கட்டும் தமிழ்க் குடும்பத்தில், பாட்டி 'நமக்கு இங்கிலீஷ் வராதே, பிள்ளைக்கு இடைஞ்சலாகுமோ' என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தால், அரை விழுக்காட்டை வாங்க முப்பது விழுக்காட்டைக் கைவிடுகிறோம்.

குழம்பிவிடாதா?

குழம்பாது. பிறந்த வாரத்திலேயே மொழிகளைப் பிரிக்கும் குழந்தைக்கு நாள்பட நாள்பட அந்தத் திறன் கூடத்தான் செய்கிறது. விட்னி வைகம், வெர்க்கர் ஆகியோர் அடங்கிய குழு 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒலியே இல்லாமல், ஒருவர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசும் முகத்தை மட்டும் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். நான்கு, ஆறு மாதக் குழந்தைகள் வாயசைவைப் பார்த்தே மொழி மாறியதைக் கண்டுகொண்டார்கள். எட்டு மாதத்தில் ஒருமொழி வீட்டுக் குழந்தைகள் அதை இழந்திருந்தார்கள். இருமொழி வீட்டுக் குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது.

பேச்சுத் தாமதம் என்ற அச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் தவறான எண்ணிக்கை. ஒன்றரை வயதில் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்தங்கியதாகத் தோன்றும். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினாலும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தையின் கணக்குக்குப் பொதுவாகச் சமமாக வரும். பியர்சன் குழு 1993-இல் காட்டியது இதைத்தான். 'பால்' தெரியாத இடத்தில் 'மில்க்' என்று சொல்லும் பிள்ளை கையில் இருக்கும் சொல்லைப் பயன்படுத்துகிறது, அவ்வளவே.

ஓர் எச்சரிக்கை மட்டும். ஓராண்டு நிறைந்தும் மழலையொலி எழவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், 'ரெண்டு மூணு மொழி கேக்குது, அதான்' என்று தள்ளிப்போடக் கூடாது. செவித்திறனைச் சோதிக்க மருத்துவரிடம் போக வேண்டும். பல மொழி கேட்பது இந்த அறிகுறிகளுக்குக் காரணமாகாது.

இருமொழிக் குழந்தை அதிக புத்திசாலி ஆகிவிடும் என்ற வாக்குறுதியையும் வகுப்புகளின் கையேடுகளில் பார்க்கிறோம். 2009-இல் ஆக்னஸ் கோவாக்ஸ், ஜாக் மெஹ்லர் ஆய்வு தொடங்கிப் பல ஆய்வுகள் சில சோதனைகளில் இருமொழிக் குழந்தைகள் முந்துவதாகக் கண்டன. வேறு பல ஆய்வுகளில் அந்த முந்துதல் கிடைக்கவில்லை. விவாதம் தீரவில்லை. ஒரு மொழியைக் கற்பதற்கு அந்த மொழியே போதுமான காரணம் என்பது என் எண்ணம். பாட்டியோடு பேச முடிகிறது என்பதைவிடப் பெரிய பயன் அதற்கு வேண்டாம்.

ஆசிரியையைப் பாருங்கள்

மாதிரி வகுப்புக்குப் போவது என்று முடிவு செய்தால், குழந்தையின் தூக்க நேரத்தைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். புதிய முகங்களைக் கண்டால் ஒதுங்கும் இயல்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டொன்பது மாதத்தில் தலைகாட்டும். முதல் கால் மணி நேரம் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது முறையான நடத்தை. 'என் பிள்ளைக்கு ஆர்வமில்லை' என்று அதற்குப் பொருளில்லை. பக்கத்துக் குழந்தை கைதட்டுவதைக் கண்டு மனம் சோர வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் உங்கள் குழந்தையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது.

தெரியவருவது ஆசிரியையைப் பற்றித்தான். அவர் பாடத்திட்டத்தின் பின்னால் போகிறாரா, குழந்தையின் கண்ணின் பின்னால் போகிறாரா என்று பாருங்கள். எல்லாரும் கிலுகிலுப்பையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு குழந்தை மின்விசிறியைப் பார்த்தால், அவர் மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரா? குழந்தை ஒலி எழுப்பினால் பாட்டை ஒரு நொடி நிறுத்திப் பதில் சொல்வாரா? பேசும் மொழி அவருக்கு இயல்பாக வருகிறதா, மனப்பாடம் செய்த பத்துச் சொல்லோடு நின்றுவிடுகிறதா? ஒரு குழந்தையிடம் அவர் நேராகப் பேசும் முறை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது? சுவரில் திரை இருந்து, பாட்டெல்லாம் அதில் ஓடினால், கூலின் ஆய்வை நினைவில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். குமிழியும் பட்டுத்துணியும் நல்ல பொழுதுபோக்கு. அவற்றை வைத்து வகுப்பின் தரத்தைக் கணிக்க வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் பதிவுப் படிவத்தோடு ஒருவர் வருவார்; இன்றே பதிந்தால் சலுகை உண்டு என்பார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வகுப்புக்கு வெளியே இந்த மொழியைக் குழந்தையோடு யார் பேசப்போகிறார்கள்? உங்கள் வீட்டில் மாண்டரின் பேசுகிறவர் இல்லை, அண்டைவீட்டாரோடு அவ்வளவு பழக்கமும் இல்லை என்றால், வாரத்துக்கு 22 நிமிடத்தில் மாண்டரின் வராது. பக்கத்து வீட்டுச் சீன அக்காவோடு தினமும் அரைமணி நேரம் விளையாட விட முடிந்தால் வரும் வாய்ப்பு உண்டு. அதற்குக் கட்டணமும் இல்லை.

ஜன்னல் மூடிவிடுமே என்ற பதற்றத்துக்கும் பதில் இருக்கிறது. மாண்ட்ரியலில் ஒரு குழு, சீனாவில் பிறந்து ஒரு வயதை ஒட்டித் தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளை ஆராய்ந்தது. 9 முதல் 17 வயது வரையுள்ள அவர்களுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் நினைவில்லை. ஆனால் சீனத்தின் தொனிகளைக் கேட்டபோது அவர்கள் மூளை, சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே அதை மொழியாக எடுத்துக்கொண்டது. 2014-இல் வெளியான இந்த முடிவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதல் ஆண்டில் நாளெல்லாம் கேட்ட மொழியின் தடம் மூளையில் நிற்கிறது. தொடர்ந்து பேச ஆளில்லாவிட்டால் மொழி போய்விடுகிறது.

ஒன்பது மாதக் குழந்தைக்கு இருமொழி வகுப்பு அவசியமா என்று கேட்டால் என் தீர்ப்பு இது: அவசியம் இல்லை, தீங்கும் இல்லை. நல்ல ஆசிரியை கிடைத்தால் குழந்தைக்கு மகிழ்ச்சியான முக்கால் மணி நேரம். உங்களுக்கும் அதே வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் பழக்கமாவார்கள். பணம் கட்ட முடியாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. வகுப்பில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பாட்டியிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்: பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள் அம்மா, அது 'ங்கா' என்றால் பதில் சொல்லுங்கள், இடைஞ்சல் எதுவும் இல்லை.